தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு: ஸ்டான்ஃபோர்டின் உண்மைக் கதையைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய பேச்சாளர்களே, வணக்கம்.

வெளுத்த உடையில் வந்த எளிய தம்பதியை ஹார்வர்டு தலைவர் அவமதித்தார், அந்த ஆத்திரத்தில் அவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையே கட்டினார்கள் என்ற கதையை இனிமேல் மேடையில் சொல்லாதீர்கள். அப்படி ஒன்று நடக்கவில்லை. அவர்களுடைய ஒரே மகன் ஹார்வர்டில் படித்ததும் இல்லை. 1884இல் ஃபிளாரன்ஸ் நகரில் டைபாய்டு காய்ச்சலில் இறந்தபோது அவனுக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. ஹார்வர்டு தலைவர் எலியட்டைப் பெற்றோர் சந்தித்தது உண்மைதான். அவர் மரியாதையோடு ஆலோசனை சொல்லி அனுப்பினார். கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் ரயில் கம்பெனித் தலைவருமான லேலண்ட் ஸ்டான்ஃபோர்டை யார் வாசலில் நிறுத்துவார்கள்?

லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் வாழ்க்கையில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. வக்கீலாக இருந்தவர். விஸ்கான்சினில் அலுவலகமும் சட்டப் புத்தகங்களும் தீயில் போன பிறகு, 1852இல் கலிஃபோர்னியாவுக்குச் சென்று, சகோதரர்களோடு சேர்ந்து, தங்கம் தோண்ட வந்தவர்களுக்குச் சரக்கு விற்றார். 1859இல் ஆளுநர் தேர்தலில் தோற்றார், 1861இல் வென்றார்.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். 1862 ஜனவரியில் பதவியேற்ற உரையிலேயே ஆசியர்களைத் தாழ்ந்த இனம் என்றார், அவர்கள் குடியேறுவதைத் தடுக்க வேண்டும் என்றார். அடுத்த சில ஆண்டுகளில், அவர் தலைவராக இருந்த சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனி ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களைக் கொண்டுதான் சியரா நெவாடா மலையைக் குடைந்து பாதை போட்டது. அமைதியானவர்கள், பொறுமைசாலிகள், உழைப்பாளிகள் என்று 1865இல் அவரே அவர்களைப் புகழ்ந்து குடியரசுத் தலைவருக்கு எழுதினார். ஆனால் 1867 ஜூனில் அவர்கள் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனி உணவு வருவதை நிறுத்தி அவர்களைப் பணியவைத்தது. 1869 மே 10 அன்று யூட்டாவின் ப்ரோமன்டரியில், கிழக்கிலிருந்து வந்த ரயில் பாதையோடு இந்தப் பாதை இணைந்ததைக் குறிக்கும் தங்க ஆணியை அடிக்கும் பெருமை ஸ்டான்ஃபோர்டுக்குக் கிடைத்தது.

மகனை இழந்த துயரத்தில் பல்கலைக்கழகம் எழுப்பியவரும் இவர்தான். அந்தத் துயரம் மெய்யானது, அதைச் சொல்லுங்கள். அதே மூச்சில் அந்தச் செல்வத்தை உண்டாக்கிய கைகளையும் சொல்லுங்கள். கல்லூரியில் உங்கள் எதிரே அமர்ந்திருப்பவர்களில் கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பட்டினி போட்டபோதும் ஒரு வாரம் தாக்குப்பிடித்த அந்தச் சீனத் தொழிலாளர்களின் கதை அவர்கள் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பேச்சைக் கேட்கும் ஒரு வாசகர்