புல் ரெக்வெஸ்ட்டை எண்ணி மதிப்பெண் போடாதீர்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் கணினி அறிவியல் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் திருப்ப நீங்கள் எடுக்கும் முயற்சி எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அப்படியொரு திட்டத்துக்கு வரும் நிரல்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர் நான். ஒரே வேண்டுகோள்: பருவம் முடிவதற்குள் இத்தனை புல் ரெக்வெஸ்ட் (என் திருத்தத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்ப வேண்டும் என்று கணக்கு வைக்காதீர்கள்.

வைத்தால் என்ன ஆகும் என்பதை 2020 அக்டோபரில் பார்த்தோம். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் அக்டோபர் மாத நிகழ்வான ஹேக்டோபர்ஃபெஸ்டில் 4 புல் ரெக்வெஸ்ட்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்றார்கள். திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மி (README) கோப்பில் 'அருமையான திட்டம்' என்று ஒரு வரி சேர்த்த திருத்தங்கள் வந்து குவிந்தன. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பியவை மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அனுப்பிய பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. விதி கேட்டதைத்தான் கொடுத்தார்கள்.

முதல் நாளே நிரல் எழுத வேண்டியதில்லை. லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் பிழைகளைப் பதியும் தளமான பக்சில்லாவில் யாரும் இன்னும் உறுதிசெய்யாத வழுப் புகார்கள் கிடக்கின்றன. புதிய பதிப்பை நிறுவி, புகாரில் சொன்ன படிகளை அப்படியே செய்து பார்த்து, இந்தப் பதிப்பில், இந்த இயங்குதளத்தில் எனக்கும் வருகிறது என்று எழுதினாலே பேருதவி.

தமிழ் தெரிந்தவர் கண்ணில் சட்டென்று படும் வழுக்களும் உண்டு. 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாக. திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தான் நிரல்மொழியில் நீளம் கேட்டால் ஒன்றுக்கு 2 வரும், மற்றதற்கு 3. இரண்டும் ஒன்றே என்று அறியாத மென்பொருளில் 'கொடி' என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் கொடி அகப்படாது. ஆய்வகத்தில் ஒரு மதியம் ஒதுக்கினால், ஒவ்வொரு மாணவரும் தான் தினமும் புழங்கும் மென்பொருளை இப்படிச் சோதித்துவிடலாம். சிக்கியதைப் படிகளோடு எழுதி அனுப்பிய மாணவருக்கு, தேடும் நிரல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை தானாக வரும். நான் பார்த்த நல்ல பங்களிப்பாளர்கள் பலர் இந்த வழியாக உள்ளே வந்தவர்கள்.

ஆகவே, வழுவை மீண்டும் வரவைத்துக் காட்டினாரா, குறை சொன்னபோது திருத்தி அனுப்பினாரா, கேள்விக்குப் பதில் எழுதினாரா என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். திருத்தம் இணைக்கப்பட்டதா என்பதை வைத்துப் போடாதீர்கள். வேலை முடிந்து வந்து இரவில் சரிபார்ப்பவர்கள் நாங்கள். சில திருத்தங்களைப் பார்க்கவே வாரக்கணக்காகும். அந்தத் தாமதம் மாணவர் தலையில் விழக்கூடாது.

அடுத்த பருவத்துக்கு மாதிரிப் பயிற்சித்தாள் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன். ஆய்வகத்தில் மாணவர்களோடு உட்காரவும் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்