உள்ளங்காலையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வெளியான 'உடலில் 206 எலும்புகள்' என்ற பொது அறிவுத் துணுக்கைப் படித்தேன். அவற்றில் 106, அதாவது பாதிக்கும் மேல், கைகளிலும் பாதங்களிலும்தான் உள்ளன: மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை கைக்கு 27, பாதத்துக்கு 26. இதை விட்டுவிட்டு மொத்தக் கணக்கை மட்டும் பிள்ளைகள் மனப்பாடம் செய்து என்ன பயன்? நாளுக்குப் பத்து முறை கண்ணாடியில் முகம் பார்க்கும் நாம், உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

சர்க்கரை நோயாளியான என் தந்தையின் குதிகாலில் குண்டூசி தைத்து இரண்டு நாளாகியும் அவருக்கு வலிக்கவே இல்லை. போர்வையில் ரத்தக் கறையைக் கண்டுதான் அறிந்தோம். நரம்பு மரத்துப்போனால் அப்படித்தான். தாத்தா, பாட்டியின் உள்ளங்கால்களை இரவில் விளக்கொளியில் பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்து, அடுத்த வாரத் துணுக்கை எழுத வேண்டுகிறேன்.

– வாசகர், தஞ்சாவூர்