கை வலி, வீக்கம்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு விழாப் பயிற்சி தொடங்கிவிட்டது. மாலையில் கபடியும் ஓட்டமுமாக மைதானம் களைகட்டுகிறது. பிள்ளைகள் விழுவதும் எழுவதும் சகஜம்தான். ஆனால் கை வீங்கிவிட்டால் ஆஸ்பத்திரியா, எண்ணெய் போட்டு நீவுவதா என்று வீடுகளில் இன்னும் தயங்குகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

கையை ஊன்றி விழும் சிறு பிள்ளைகளுக்கு, அதிலும் 5 முதல் 7 வயதுக்காரர்களுக்கு, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது அதிகம். கைக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாயும் நரம்புகளும் அந்த இடத்தை ஒட்டியே செல்கின்றன. அங்கே உருவுவதும் இழுப்பதும் ஆபத்து. "விரல் அசையுதே, சுளுக்குதான்" என்பார்கள். எலும்பு முறிந்த கையிலும் விரல் அசையும். எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும்.

எனக்கு அதிகக் கவலை தருவது, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டுவது. உள்ளே வீக்கம் கூடும்போது கட்டு இடம் கொடுக்காது. ரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். அப்புறம் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடக்கூடும். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டு என்றாலும் முதல் இரண்டு நாள் கவனியுங்கள். நகத்தை அழுத்திவிட்டு எடுங்கள்: வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றாலும், விரல் சில்லிட்டாலும், நீலம் பாரித்தாலும், மரத்துப்போனாலும், விரலை நீட்டிவிட்டால் பிள்ளை துடித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

கிளம்பும் முன் வளையல், மோதிரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறியபின் கழற்ற முடியாது. துண்டைக் கழுத்தில் மாட்டி, தூளி போலக் கையைத் தாங்கவிடுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், டாக்டர் பார்க்கும்வரை சாப்பிட எதுவும் வேண்டாம்.

அடிபடாமலே கை வீங்கி, சிவந்து, சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அது எலும்பிலோ மூட்டிலோ கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள். புதரிலோ விறகுக் கட்டிலோ கை வைத்தபின் திடீரென வலித்து வீங்கினால் விரியன் கடியைச் சந்தேகியுங்கள். கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். கையை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

திட்டு விழும் என்று பயந்து, விழுந்ததையே சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு கையைச் சட்டையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிட்டால் கேளுங்கள், கோபப்படாமல்.

பள்ளியில் அடிபட்டால் உடனே உங்களை அழைப்போம். செல்பேசி எண் மாறியிருந்தால் வகுப்பாசிரியரிடம் நாளைக்கே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்