கொடி வாங்கிய பிறகு ஒரு அரை மணி நேரம்: குதிரை வண்டிப் பந்தயம் நடத்தும் விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுப் பெரியவர்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் நீங்கள் நடத்தும் பந்தயங்களைச் சாலையோரம் நின்று பார்த்தே வளர்ந்தவன் நான். பந்தயம் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எல்லை தொட்டதும் பரிசு, மாலை, மைக் என்று கூட்டம் ஒரு பக்கம் போய்விடுகிறதே, அந்த நேரத்தில் குதிரையின் ரத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

போன வருஷம் ஒரு ஊரில் நடுக்குதிரைப் பிரிவில் ஓடிய குதிரையை, மூச்சு அடங்கும் முன்பே மினி லாரியில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி விறைத்துவிட்டன, மூத்திரம் காப்பி டிகாஷன் நிறத்தில் வந்தது. கண்ணேறு என்றார்கள். கண்ணேறு இல்லைங்க, சதை உடைந்து அதன் நிறமி ரத்தம் வழியாகச் சிறுநீரில் இறங்கியிருக்கிறது. நாள்கணக்கில் லாயத்தில் சும்மா கட்டிப்போட்டு, கொள்ளும் தவிடும் குறைக்காமல் போட்டு, திடீரென்று விரட்டினால் இது வரும். வேலைக் குதிரைகள் இருந்த காலத்தில் ஐரோப்பாவில் இதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர். ஞாயிறு ஓய்வு, திங்கள் வேலை, அன்றைக்குத்தான் கால் பிடித்துக்கொள்ளும்.

சும்மா நிற்கிற குதிரையின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 35 முதல் 45 சதவீதம். முழு வேகத்தில் ஓடும்போது மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்த அணுக்களையெல்லாம் கொட்டுவதால் அது 60 சதவீதத்தைத் தாண்டும். மூச்சுக் காற்றை அதிகம் சுமக்க இயற்கை கொடுத்த வரம் இது, ஆனால் ரத்தம் கெட்டியாகிவிடும். கடுமையாக ஓடும்போது தசையில் ஊறி ரத்தத்தில் கலக்கும் லாக்டேட் என்ற பொருள் ஓய்வில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில்தான் இருக்கும், உயிரைக் கொடுத்து ஓடிய பிறகு 20, அதற்கு மேலும் போகும். ரத்தத்தின் கார அளவு (pH) 7.4-லிருந்து இறங்கும். வேலை செய்கிற தசையிலிருந்து பொட்டாசியமும் வெளியே வரும். ஓடி முடித்த குதிரையை நிறுத்திக் கட்டாமல் மெதுவாக நடக்கவிட்டால், அசையும் தசையே லாக்டேட்டை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், ரத்தம் சீக்கிரம் பழைய நிலைக்கு வரும். அதற்குத்தான் நடை. ஆனால் கால் விறைத்த குதிரையை மட்டும் நடக்க வைக்காதீர்கள், அது இன்னும் சதையைக் கிழிக்கும். அப்படியே நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து வேர்வை. நம் வேர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. குதிரையுடையது ரத்தத்துக்குச் சமமாக, சில நேரம் அதைவிட அதிகமாகவே கரிக்கும். நம் ஊர் வெயிலில் உழைக்கும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட வேர்க்கும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுவதில்லை, அதனால் மூளைக்குத் தாகம் தெரிவதில்லை. 'தண்ணி வச்சேன், மூஞ்சியத் திருப்பிக்கிச்சு' என்று சாரதிகள் சொல்வது இதனால்தான், அதற்குத் தண்ணீர் தேவையில்லை என்று அர்த்தமில்லை. 10 லிட்டர் வாளியில் 90 கிராம் உப்பைக் கரைத்து முதலில் வையுங்கள், பக்கத்திலேயே வெறும் தண்ணீர் ஒரு வாளி. உப்பு உள்ளே போனால் தாகம் தானாக வரும்.

சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்ற பயமும் வேண்டாம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குதிரைகள் வெயிலில் துவண்டதைப் பார்த்த பிறகு, 1996 அட்லாண்டாவுக்காக இதையே ஆராய்ந்தார்கள். குளிர்ந்த நீரை உடம்பெங்கும் திரும்பத் திரும்ப ஊற்றுவதால் தசைக்குக் கெடுதல் வரவில்லை, சூடுதான் சீக்கிரம் இறங்கியது.

பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. முறையாகப் பழக்கிய குதிரைக்கு ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். மாதக்கணக்கில் பழக்கினால் அதே வேகத்துக்கு லாக்டேட் குறைவாகத்தான் ஏறும், சதையிலிருந்து கசியும் சிகே என்ற நொதியும் அவ்வளவு உயராது. அந்த நொதி ஓடிய நாலைந்து மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஓய்வு கொடுத்தால் சில நாளில் இறங்கிவிடும். கூடவே வரும் ஏஎஸ்டி என்ற இன்னொரு நொதி இறங்க வாரங்கள் ஆகும். இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அடுத்த ஊர் என்று ஒரே குதிரையைப் பூட்டுகிறவர்களிடம் நுழைவுச் சீட்டு எழுதும்போதே 'கடைசியாக எப்போது ஓடியது' என்று கேளுங்கள். முந்தின நாள் ஓடியது என்றால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

எல்லைக்கு அப்பால் நிழலோடு நடக்க இடம், தண்ணீர்த் தொட்டி, உப்பு, ஒரு கால்நடை மருத்துவர், அவ்வளவுதான் நான் கேட்பது. அரை மணி நேரம் கழித்துத் தாடைக்குக் கீழே நாடி பாருங்கள், நிமிடத்துக்கு 64-க்கு மேலேயே நிற்கிறது என்றால் லாரியில் ஏற்ற விடாதீர்கள், மருத்துவர் பார்க்கட்டும். சர்வதேச நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளிலும் பொதுவாக இந்த 64 என்ற கணக்கைப் பார்த்தே குதிரையை மேற்கொண்டு ஓடவிடுகிறார்கள்.

செலவைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால், முதல் வருஷம் வாளியும் உப்பும் நானே கொண்டு வருகிறேன். இடத்தை மட்டும் ஒதுக்கித் தாருங்கள்.