ரோபோ சங்கம்: செயலாளரோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் நடந்துச்சு, பசங்களுக்கு சாலிடரிங் வகுப்பு நடந்துச்சு, வந்தவங்களுக்கு நன்றி.

இப்ப சோனார் ப்ராஜெக்டுக்கு வரேன், அதாவது ரோபோ சத்தம் விட்டு, திரும்பி வர எதிரொலியை வெச்சு முன்னாடி என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கறது. ஒளியால தூரம் அளக்கற லைடார் வாங்கி மாட்டினா முடிஞ்சுது, எதுக்கு இந்த வேலைன்னு கமிட்டிலயே கேட்டாங்க, அதனால பதிலை இங்கயே எழுதி வெச்சிடறேன். கண்ணாடிக் கதவுல லைடார் ஒளி பெரும்பாலும் ஊடுருவி போயிடும், சோனார் பட்டுத் திரும்பும். அதுக்காக சோனார் ரொம்ப யோக்கியம்னு சொல்லல. நம்மகிட்ட இருக்கறது 40 கிலோஹெர்ட்ஸ் சென்சார், அலைநீளம் 9 மில்லிமீட்டருக்கும் கம்மி, அதுக்கு வழவழ சுவர்னா முகம் பாக்கற கண்ணாடி மாதிரிதான், சாய்வா அடிச்சா எதிரொலி வேற பக்கம் போயிடும், முன்னாடி காலியா இருக்குன்னு நம்பி ரோபோ நேரா போய் முட்டும். பத்தாததுக்கு ஒரு சென்சார் விட்ட சத்தத்தை பக்கத்து சென்சார் தன்னோடதுன்னு எடுத்துக்கும்.

ஒத்த ரீடிங்கை நம்பறதாலதான் இந்தக் கதி. பக்கத்து பக்கத்துல இருக்கற நாலு சென்சார் ரீடிங், கூடவே அறையை சின்னச் சின்ன கட்டமா பிரிச்ச மேப்ல ஒரு கட்டத்தோட திசை, தூரம் எல்லாம் சேத்து நியூரல் நெட்வொர்க்குக்கு, அதாவது உதாரணம் பாத்துக் கத்துக்கற ப்ரோக்ராமுக்கு, கொடுத்தா அந்தக் கட்டத்துல ஏதாவது இருக்க எவ்ளோ வாய்ப்புன்னு சொல்லும். 1985லயே மொராவெக், எல்ஃபெஸ்னு ரெண்டு ரோபோ ஆராய்ச்சியாளர்கள் சோனார்ல கட்டம் கட்டமா மேப் போட்டாங்க, எந்த ரீடிங்குக்கு என்ன அர்த்தம்ங்கற கணக்கை தாங்களே எழுதி. அதை நெட்வொர்க்கே கத்துக்கட்டும்னு 1990கள்ல செபாஸ்டியன் த்ருன்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் செஞ்சு காட்டினார். நான் ஒண்ணும் கிறுக்குத்தனமா ஆரம்பிக்கல.

ஆனா கத்துக்க சரியான விடை வேணும், அதாவது யாராவது டேப் பிடிச்சு அறையை அளக்கணும். பேர் கொடுத்தவங்க நிறைய, வந்தவங்க யாருன்னு வந்தவங்களுக்கே தெரியும். கடைசில சங்க ஹால் டேட்டா மட்டும்தான் தேறுச்சு. வெறும் சுவரை மட்டும் பாத்துப் பழகினது திரை, மெத்தைன்னு சத்தத்தை உறிஞ்சற சாமான் இருக்கற அறைல தடுமாறத்தான் செய்யும், டெமோ அன்னிக்கு சிரிச்சவங்க இதையும் யோசிக்கணும்.

வரவு செலவு ஏறக்குறைய சரியா இருக்கு, மிச்சத்தை பொருளாளர் பாத்துக்கறேன்னு சொல்லிட்டார், அவருக்கும் நன்றி. சந்தா பாதிப் பேர்கிட்ட நிலுவை. எடுத்துட்டுப் போன சென்சார் போர்டும் இன்னும் வரல.

அடுத்த வருஷம் வேற யாராவது செயலாளரா வந்தா சந்தோஷம்தான், எனக்கு பதவி ஆசை இல்ல, நெட்வொர்க்கை மட்டும் பாதில விட மனசு வரல. வீட்ல திரையும் சோஃபாவும் இருக்கறவங்க ஒரு சாயங்காலம் ரோபோவை உள்ள விட்டா போதும், டேப் நான் கொண்டு வரேன், சந்தா ரசீது புத்தகமும் கைல இருக்கும்.