வில்லுக்கு முன்னால் கேமராவை வையுங்கள்: கொடைக் கமிட்டி அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கமிட்டி அண்ணாச்சிமாருக்கு, வணக்கம்.

டவுன், பாளையங்கோட்டை, பேட்டை, தச்சநல்லூர் என்று நெல்லை மாநகராட்சி எல்லைக்குள் அம்மனுக்கும் மாடனுக்கும் கொடை என்னும் கோயில் திருவிழா நடத்துகிறவர்களுக்கும், நாங்குநேரி, வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கத்துக் கமிட்டிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு கோயிலைப் பெயர் சொல்லி எழுதினால் 'எங்க கோயில்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?' என்று கேட்பீர்கள். அந்த வம்பு வேண்டாம்.

நெல்லைச் சீமையில் மேடைக் கலைக்குப் படியளக்கிறவர்கள் நீங்கள்தான். சென்னைக்கு மார்கழியில் சபா என்றால் நமக்குச் சித்திரை, வைகாசி, ஆடி என்று கொடை. வீட்டுக்கு வீடு வரி பிரித்து, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம், கரகாட்டம், இன்னிசைக் கச்சேரி என்று நீங்கள் கொடுக்கிற அட்வான்ஸில்தான் எத்தனையோ கலைஞர் வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு நடக்கிறது. அரசு விருது ஆண்டுக்கு ஒருமுறை வரும், சிலருக்கு வரும். உங்கள் வெற்றிலை பாக்கு வருஷா வருஷம் வரும். ஆகவே ஆட்சியருக்கோ மேயருக்கோ மனு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கொடையைக் கைப்பேசியில் நேரலை விடுகிறார்களே உங்கள் ஊர்ப் பையன்கள், அவர்களைக் கமிட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கேமராவை வில்லுக்கு முன்னால் வையுங்கள்.

இப்போது நடப்பது என்ன? கொடை தொடங்கும் குடியழைப்பு அன்றைக்கு நேரலை தொடங்குகிறது. செண்டை மேளம் தெருவுக்குள் வருவதை நன்றாகக் காட்டுகிறார்கள். கோபுர லைட்டைச் சுற்றி டிரோன் பறக்கிறது. இன்னிசைக் கச்சேரி முழுசாக வருகிறது. வில்லுப்பாட்டு வந்ததும் கேமராவை ஒரு மூங்கில் கம்பில் கட்டிவிட்டுப் பையன்கள் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அந்தக் கம்பு நிற்பதோ ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே. குடத்தின் அடி ஒன்றுதான் 'கும்கும்' என்று கேட்கிறது. வில்லின் நாணில் வீசுகோல் விழும்போது மணிகள் குலுங்கும் ஓசை, உடுக்கு, ஜால்ரா, கட்டை எல்லாம் ஒரே இரைச்சலாகக் குழம்பிவிடுகிறது. கதை சொல்லிப் பாடுகிற புலவர் கதையை இழுத்து நிறுத்துகிற இடத்தில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுகிறாரே, வில்லுப்பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அது கேட்பதே இல்லை. மும்பையிலும் துபாயிலும் வேலை முடிந்து வந்து, தூக்கத்தை விட்டுப் பார்க்கிற நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

பாடுகிறவர் பெயராவது திரையில் வருமா? வராது. டிரோன் விட்டவர் பெயர் வரும், பந்தல்காரர் எண் வரும். இன்றைக்கு வில்லின் முன் உட்கார்ந்து கதை சொல்கிற பெண் புலவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தொண்டை வறளப் பாடிவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் அடுத்த ஊர்க் கொடைக்குப் போகிறவர்கள் அவர்கள். நல்ல ஒலியோடு ஒரு காணொளி இருந்தால் அடுத்த ஆண்டு அவர்கள் கேட்கும் சம்பளமே கூடும். கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோல்கருவியை அடிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். சத்திரபுதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனார், வானொலி, தொலைக்காட்சி என்று உலகம் முழுக்கக் கேட்க வைத்தார், 2021 இல் பத்மஸ்ரீ வாங்கினார். இன்றைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. வானொலி செய்ததை உங்கள் தெருப் பையன் கையில் இருக்கும் பெட்டியே செய்யும். ஒலி மட்டும் சரியாக இருக்கவேண்டும்.

அதற்கு ஸ்டுடியோ தேவையில்லை. சவுண்டு சர்வீஸ்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் இழுத்து, அதற்கென்று உள்ள கேபிள் வழியாகக் கைப்பேசியில் சொருகினால் போதும். கூட்டத்தின் குரலுக்கும் குலவைக்கும் தனியாக ஒரு மைக். இதை முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும். பாட்டு தொடங்கியபிறகு ஒரு பையன் ஓடிப்போய்க் கேட்டால் எந்த சவுண்டு செட்காரரும் 'போல அங்கிட்டு' என்றுதான் சொல்வார். அதே வார்த்தையைக் கமிட்டித் தலைவர் சொன்னால் தட்டமாட்டார்.

கச்சேரி மேல் எனக்குக் கோபம் கிடையாது. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவன்தான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். சினிமாப் பாட்டை நேரலையில் விட்டால் யூடியூப் அதை உரிமைப் பிரச்சினையில் பிடித்துக்கொள்ளும். சில சமயம் ஒலி போய்விடும், சில சமயம் காணொளியே முடங்கும். வருமானம் வந்தாலும் பாட்டுக் கம்பெனிக்குப் போகும். இசக்கியம்மன் கதையையோ சுடலைமாடன் கதையையோ உங்கள் முற்றத்தில் பாடினால் அதற்கு எந்தக் கம்பெனி சொந்தம் கொண்டாட முடியும்? புலவரிடம் சம்மதம் கேட்டு, அவருக்கும் பங்கு உண்டு என்று பேசிக்கொண்டால் ஆயிற்று.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒலி மாசு விதிகள் 2000 ஆம் ஆண்டு வந்தன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். போலீஸ் வந்து நிற்கும்போது நீங்கள் எதை வெட்டுகிறீர்கள்? எட்டு முதல் பத்து வரை கச்சேரிக்கு ஒதுக்கிவிட்டு வில்லை மத்தியான வெயிலில் உட்கார வைக்கிறீர்கள். அந்நேரம் பந்தலில் இருப்பது பத்துக் கிழவிகளும் பாயசத்துக்குக் காத்திருக்கும் குழந்தைகளும்தான். மாலை ஆறு முதல் பத்துவரை வில்லுக்குக் கொடுத்துப் பாருங்கள். நடுச்சாமத்தில் நடக்கும் சாமக்கொடைக்கு ஒலிபெருக்கி எதற்கு? வெறும் வாய்க்கும் மகுடத்துக்கும் சாமி ஆடாமலா இத்தனை தலைமுறை போயிற்று?

இனிச் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். பையன்களை நீங்கள் கவனிக்காமல் விட்டால் அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். கொடையில் எடுத்த படத்தை முப்பது நொடிக்கு வெட்டி, பின்னால் சாதிப் பெருமைப் பாட்டு ஒன்றை ஒட்டிப் போடுகிறார்கள். அடுத்த தெருப் பையன் அதற்குப் பதில் போடுகிறான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து சக மாணவனை வெட்டினார்கள். பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கூடாது என்று 2024 இல் அறிக்கையும் வந்துவிட்டது. கயிற்றைப் பள்ளிக்கூடம் அவிழ்க்கும், பாட்டை யார் அவிழ்ப்பது? உங்கள் வில்லில் பாடும் முத்துப்பட்டன் கதையை அந்தப் பையன்கள் ஒருநாளாவது முழுசாகக் கேட்டிருப்பார்களா? பிராமணப் பிள்ளை பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் மேல் ஆசைப்பட்டு, பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கப் படித்து, மாமனார் வீட்டு மாட்டைக் காக்கப் போய்ச் செத்த கதை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்று சாமியாகிவிட்ட அந்த முத்துப்பட்டனுக்கு இன்றைக்கும் செருப்புதான் காணிக்கை. அதைப் பாடுகிற மேடையைப் படம்பிடித்துவிட்டு அதன்மேல் சாதிப் பாட்டை ஒட்டுகிறான் என்றால், அவன் கதையைக் கேட்கவே இல்லை. கேட்க வைக்கவேண்டியது நீங்கள்.

கொடை மூன்று நாள்தான். மீதி நாளெல்லாம் அந்தக் குழு என்ன செய்யும்? ஊர்ச் செய்தி செய்யட்டும். 2023 டிசம்பர் 17, 18 இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, தாமிரபரணி ஜங்ஷனுக்கும் கொக்கிரகுளத்துக்கும் வந்ததே, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுவழியில் நின்றதே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எது நம் ஊர், எது நேற்றையது என்று யாருக்குத் தெரிந்தது? தன் தெருமுனையில் நின்று, 'மணி இது, தண்ணீர் இந்தக் கம்பம் வரைக்கும் வந்திருக்கு' என்று காட்டினவன் படத்தைத்தான் நம்ப முடிந்தது. தனியார் பண்பலைகள் ஆகாசவாணிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாமே தவிர சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதியில்லை. பத்திரிகைகளுக்கு மாவட்டம் முழுக்கச் சில பக்கங்கள்தான். பாபநாசம் அணை 143 அடியில் இன்றைக்கு எத்தனை, மணிமுத்தாறு 118 இல் எத்தனை, நம் வார்டில் குடிதண்ணீர் என்றைக்கு வரும், எந்தத் தெருவில் லைட் எரியவில்லை என்று காலையில் ஒரு நிமிடம் சொல்ல ஒரு பிளஸ் டூ பெண்ணால் முடியும். பையன்கள் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன். பெண்பிள்ளைகளையும் சேருங்கள், அவர்கள் எழுத்துப்பிழை இல்லாமல் போடுவார்கள்.

சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது, பாளை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இருக்கிறது. கமிட்டி லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுத்து மாணவர்களை அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த காணொளியின் ஒரு பிரதியை அங்கேயே கொடுத்து வையுங்கள். நாட்டார் பாடல்களைத் தொகுத்த ஆய்வாளர் நா. வானமாமலை காலத்தில் கதைப்பாடலைக் கேட்டு எழுதித் திரட்டவேண்டியிருந்தது, இன்றைக்கு ஒரு பென்டிரைவ் போதும்.

அடுத்த வரிக்கூட்டத்தில் மைக்செட், பந்தல் கணக்கோடு இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்: நேரலைக் குழுவுக்கு இவ்வளவு. நோட்டீசு அச்சுக்குப் போகும் முன் புலவர் பெயரையும், குடம், உடுக்கு வாசிப்பவர்கள் பெயரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அதே பெயர்கள் திரையிலும் வரட்டும். கைப்பேசியில் நேரலை விட யூடியூபில் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும், ஆகவே பந்தக்கால் நடும் கால்நாட்டுக்கு முன்பே சேனலைத் தொடங்கி ஊர்க்காரர்களைச் சேர்த்துவிடுங்கள். மிக்ஸரிலிருந்து லைன் எடுக்கத் தெரியாத பிள்ளைகள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பாளைக்கு அனுப்புங்கள். கேபிள் என்னிடம் இருக்கிறது, அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வில்லுப்பாட்டு ரசிகன்