ரேனால் ஆய்வேட்டுக்கு ஒரு நூல்வரிசை

அன்புத் தோழி,

கடிதம் கிடைத்தது. உன் மாணவிக்கு வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் ரேனாலின் 'இரு இந்தியாக்களின் வரலாறு' (கிழக்கிந்திய, மேற்கிந்திய நாடுகளில் ஐரோப்பியர் செய்த வணிகமும் குடியேற்றமும் பற்றிய நூல்) பற்றிய அவள் ஆய்வேட்டை ஐரோப்பாவில் எந்த நூல்வரிசைக்கு அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. ஆய்வேடு ஷோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏறிய கொஞ்ச நாளிலேயே, 'உங்கள் அரிய ஆய்வை இலவசமாக நூலாக்குகிறோம்' என்று சில பதிப்பகங்களிடமிருந்து மின்னஞ்சல் வரும். அதற்குப் பதிலே போட வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர்கள் மதிப்பீட்டுக்கு அனுப்புவதில்லை, ஒரு வரியைக்கூடத் திருத்துவதில்லை, அனுப்பியதை அப்படியே அச்சடித்து ஐஎஸ்பிஎன் ஒட்டிவிடுவார்கள். அப்படி ஒருமுறை வந்த ஏட்டை நல்ல நூல்வரிசை எதுவும் பிறகு தொடாது. ஷோத்கங்காவில் இருப்பது மட்டும் பெரும்பாலும் தடையாகாது. ஏட்டை நன்றாகத் திருத்தி எழுதியிருக்கிறாள் என்று காட்டினால் போதும்.

அவளுக்குப் பொருத்தமான இடம் ஆக்ஸ்போர்டின் அறிவொளிக்கால ஆய்வு வரிசைதான் என்று நினைக்கிறேன். வோல்தேர் ஆய்வாளர் தியோடர் பெஸ்டர்மன் 1955இல் ஜெனீவாவில் தொடங்கியது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்தேர் குடியிருந்த லே தெலீஸ் வீட்டில்தான் அவருடைய நிறுவனமும் இயங்கியது. (இதே பெஸ்டர்மன்தான் 1934இல் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். அடையாறு பக்கம் போனால் நினைத்துக்கொள்.) 1976இல் அவர் இறந்ததும் எல்லாம் ஆக்ஸ்போர்டுக்குப் போனது. வோல்தேர் முழுத்தொகுப்பு என்று 1968இல் ஆரம்பித்த பெரும்பணி 2022இல் 205 தொகுதிகளோடு முடிந்தது தெரிந்திருக்கும். நான் சொல்லும் வரிசை அதற்குத் துணையாக வளர்ந்த ஆய்வு வரிசை. இப்போது லிவர்பூல் பல்கலைக்கழக அச்சகம் வெளியிடுகிறது. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் எழுதலாம் என்பது அவளுக்குப் பெரிய வசதி.

ஆனால் பெயரைப் பார்த்து அனுப்பினால் காரியம் ஆகாது. அந்த அலமாரியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரேனாலைப் பற்றி மட்டுமே மூன்று கட்டுரைத் தொகுப்புகள் அங்கே உண்டு: தொகுதி 286 (1991), தொகுதி 333 (1995), 2015:10. முன்மொழிவின் முதல் பக்கத்தில் இவை மூன்றும் வராவிட்டால், நூல்வரிசையின் பதிப்பாசிரியர் அத்தோடு மூடிவைத்துவிடுவார். அந்த மூன்று தொகுதிகளும் பேசாமல் விட்டதை இவள் பேசுகிறாள் என்பது ஒரே பத்தியில் தெரிய வேண்டும். இவளிடம் அது இருக்கிறது. ரேனாலின் நான்காம் புத்தகம் கீழை நாடுகளில் பிரெஞ்சுக்காரர்களைப் பற்றியது. ஆளுநர் துய்ப்ளே, புதுச்சேரி எல்லாம் அதில்தான் வருகின்றன. அதே ஆண்டுகளை துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் எழுதிய மூன்றாம் இயல்தான் மாதிரி இயலாகப் போக வேண்டும். வழக்கம்போல முதல் இயலை அனுப்பிவிடப் போகிறாள். ஆய்வேட்டின் முதல் இயல் என்றாலே 'முன்னாய்வுகள்' என்ற அறுபது பக்கம். அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

அந்த அறுபது பக்கத்தைப் புத்தகத்தில் எட்டுப் பக்கமாகச் சுருக்கச் சொல். தேர்வாளருக்கு 'நான் எல்லாவற்றையும் படித்துவிட்டேன்' என்று நிரூபிக்க எழுதிய பகுதி அது. புத்தகம் வாங்குகிறவருக்கு அந்த நிரூபணம் தேவையில்லை. அடிக்குறிப்புகளில் பாதியும் இதே காரணத்தால் போகும். மொத்த அளவு 80,000 முதல் 1,00,000 சொற்களுக்குள் நிற்பது நல்லது. அடிக்குறிப்பு, நூற்பட்டியல் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அவற்றை விட்டுவிட்டு எண்ணி, பிறகு ஒப்பந்த நேரத்தில் இருபதாயிரம் சொல்லை வெட்டச் சொன்னால் தலையைப் பிய்த்துக்கொள்வாள். அவ்வளவு நீளம் வராது என்றால் லெஜெண்டாவைப் பார்க்கலாம். 1995இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய பதிப்பு முத்திரை அது. பிரெஞ்சு ஆய்வுகளுக்கென்று அதில் உள்ள குறுநூல் வரிசை 50,000 முதல் 60,000 சொற்களையே கேட்கிறது. இறுக்கமான ஒற்றை வாதத்துக்கு அதுதான் சரியான அளவு.

ஜெர்மன் பதிப்பகங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். அங்கே ஆய்வேட்டை வெளியிட்டால்தான் டாக்டர் என்று போட்டுக்கொள்ளவே முடியும். அதனால் அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியரே கொடுப்பது அந்த ஊர் வழக்கம். பணம் கேட்கிறார்கள் என்பதற்காக மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் அந்தத் தொகையைப் பெற்றுத் தர அங்கே உதவித்தொகைகள் உண்டு, இவளுக்கு எதுவும் கிடையாது. ஆகவே அந்தப் பக்கம் போக வேண்டாம். திறந்த அணுகலும் (நூலை யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது) அப்படித்தான். 2024 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் அரசு நிதியில் ஆய்வு செய்பவர்களின் நூல்கள், வெளியாகி ஓராண்டுக்குள் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதற்கான கட்டணம் பத்தாயிரம் பவுண்டு அளவில் இருக்கும். இவளை அந்த விதி கட்டுப்படுத்தாது. யாராவது 'நீங்களும் கட்ட வேண்டும்' என்றால் மறுத்துவிடலாம்.

இனி, மதிப்பீட்டாளர் முதலில் கைவைக்கும் இடம்: எந்தப் பதிப்பிலிருந்து மேற்கோள்? ரேனாலின் நூல் முதலில் 1770 என்ற தேதியோடு, ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. 1774இல் திருத்தம். 1780இல் பெயரும் படமும் போட்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டே பாரிஸ் நீதிமன்றம் அதை எரிக்க உத்தரவிட்டது. ரேனாலுக்குத் துணையாக எழுதிய தத்துவவாதி தீதரோ சேர்த்த சூடான பகுதிகள் 1780 பதிப்பில்தான் மிக அதிகம். 1770ஆம் ஆண்டு மனநிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே 1780 பாடத்தை மேற்கோள் காட்டினால் வாதமே சரிந்துவிடும். ஃபெர்னே-வோல்தேரில் உள்ள ஆய்வு மையம் 2010 முதல் கொண்டுவந்த செம்பதிப்பு பாடவேறுபாடுகளைத் தருகிறது. ஒவ்வொரு மேற்கோளையும் அதோடு ஒத்துப் பார்த்துவிட்டு, அடிக்குறிப்பில் புத்தகம், இயல், பதிப்பாண்டு மூன்றையும் கொடுக்கச் சொல். பக்க எண் மட்டும் கொடுத்தால் வேறு பதிப்பு வைத்திருப்பவரால் தேடி எடுக்க முடியாது.

ரேனால் மேற்கோள்களை காலிக்காவிலிருந்து (பிரெஞ்சு தேசிய நூலகத்தின் மின்னூலகம்) வெட்டி ஒட்டினாளா என்று கேள். அந்தக் கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் நீண்ட எஸ், கணினிக்கு எஃப் போலத் தெரியும். காட்டுவாசி என்று பொருள்படும் 'சோவாழ்' அங்கே 'ஃபோவாழ்' ஆகிக் கிடக்கும். நாம் படிக்கும்போது கண் தானாகத் திருத்திக்கொள்வதால் மெய்ப்பிலும் தப்பிவிடும். எஃப்பில் தொடங்கும் சொற்களை மட்டும் தேடி ஒருமுறை பார்த்தால் முக்கால்வாசி மாட்டிக்கொள்ளும். எழுத்துமுறையைப் பழையபடி விடுவதா, இன்றைய பிரெஞ்சுக்கு மாற்றுவதா என்பதையும் முன்னுரைக்கு முன் ஒரு குறிப்பில் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் கலந்து வைத்திருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை.

நாட்குறிப்பு மேற்கோள்களில் வேறொரு தொல்லை. தமிழை ரோமன் எழுத்தில் பெயர்க்கும்போது ள, ழ, ற, ன எல்லாவற்றுக்கும் கோடும் புள்ளியும் வரும். அச்சுக் கோப்பவர் எழுத்துருவை மாற்றினால் இவை சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். அதனால் வேர்ட் கோப்போடு பிடிஎஃப் ஒன்றும், அதில் வரும் சிறப்பு எழுத்துகளின் பட்டியல் ஒன்றும் சேர்த்து அனுப்ப வேண்டும். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு வாதம் செய்யக் கூடாது. தமிழ் தெரிந்தவள் எழுதுகிறாள் என்பதுதான் இந்தப் புத்தகத்தின் பலமே.

முன்மொழிவு போய், முழுக் கைப்பிரதி கேட்டு வாங்கி, வெளி மதிப்பீட்டாளர்களின் அறிக்கை வர அரை ஆண்டு ஆனாலும் ஆச்சரியமில்லை. நடுவில் வாரம் ஒருமுறை நினைவூட்ட வேண்டாம். நான்கு மாதம் கழித்து ஒன்று போதும். அறிக்கை வந்ததும் இரண்டு நாள் எதுவும் எழுதாமல் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, எதை எந்தப் பக்கத்தில் மாற்றினாள், எதை ஏன் மாற்றவில்லை என்று பதில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் பதிப்புக்குழு நம்பாது. ஒன்றிரண்டை மறுத்துக் காரணம் சொன்னால் மதிப்பு கூடும்.

படங்களைக் குறைக்கச் சொல். அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ வேண்டும். இணையத்தில் பளிச்சென்று தெரியும் படம் பெரும்பாலும் தேறாது. அனுமதி வாங்கும்போது அச்சுக்கு மட்டும் வாங்கி மின்னூலை மறந்துவிடுவார்கள். பிறகு மின்னூலில் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம்தான் இருக்கும்.

ஒப்பந்தத்தில் நூலின் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும் பிரிவை மட்டும் நீயும் ஒருமுறை படி. பதிப்பகங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ரொடோபியை பிரில் வாங்கியது, அந்த பிரில் 2024இல் டி க்ரூய்ட்டரோடு சேர்ந்துவிட்டது. நூல்வரிசைகள் பெயர் மாறாமல் தொடர்கின்றன, ஆனால் பழைய கடிதத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னது புது நிர்வாகத்தைக் கட்டாது.

நூற்பட்டியலில் ஒரு சின்ன விஷயம். இந்த ஆக்ஸ்போர்டு வரிசை 2000த்தில் தொடர் எண்ணை விட்டுவிட்டு 2004:07 என்பதுபோல ஆண்டும் எண்ணுமாகப் போட ஆரம்பித்தது. பெயரும் இடையில் மாறியது. சில நூலகப் பட்டியல்களில் இதழ் என்றே பதிந்திருப்பார்கள். அவர்கள் வரிசையையே தவறாகக் குறிப்பிட்டு அவர்களுக்கே அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?

சொல்லடைவுக்கு மெய்ப்போடு இரண்டு மூன்று வாரம்தான் தருவார்கள். பக்க எண் அப்போதுதான் உறுதியாகும். ஆனால் எந்தெந்தத் தலைப்பு என்பதை இப்போதே எழுதி வைக்கலாம். ஊர்ப்பெயர்கள் ரேனாலிடம் ஒருவிதம், பிள்ளையிடம் ஒருவிதம், இன்றைய வரைபடத்தில் வேறுவிதம். எது முதன்மை என்று முடிவு செய்து மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும்.

முன்மொழிவை பொங்கலுக்கு முன்னால் எனக்கு அனுப்பச் சொல், பார்த்துத் தருகிறேன். அதற்குள் நீ ஒன்று கேட்டு எழுது. நாட்குறிப்புப் பகுதிகளை அவள் அச்சான தமிழ்ப் பதிப்பிலிருந்து எடுத்தாளா, பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் படியையும் பார்த்தாளா? அதைப் பொறுத்து மூன்றாம் இயலின் அடிக்குறிப்பு முழுவதும் மாறும்.

அன்புடன்,
உன் தோழி